தோள்பட்டைச் சுமை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணுக்குக் கனத்த மார்பகம் அழகுப் பிரச்சினையே அல்ல. கழுத்துவலி, தோளில் உள்ளாடைப் பட்டை பதித்த பள்ளம், சித்திரை வெயிலில் மடிப்புக்கு அடியில் புண். 2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பகச் சீரமைப்பு சிகிச்சை தொடங்கியபோது, ஏழைக்கு இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வலியைக் கேட்டிருந்தால் சுளித்திருக்க மாட்டார்கள். ஆனால் மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை சின்ன வேலை இல்லை. முழு மயக்கம், இரண்டு முதல் நான்கு மணி நேரம். தழும்பு ஓராண்டில் மங்கும், மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம். பிறகு தாய்ப்பால் கொடுப்பதும் சிரமமாகலாம். கல்யாணமாகாத பெண்ணிடம் இதைச் சொல்லக் கூச்சப்படும் டாக்டரிடம் போகவே வேண்டாம். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். தோள்வலி பெரும்பாலும் சீக்கிரமே விடும். ஆனாலும் நான்கு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்கு ஏற்றுவது யார் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.