செந்தேளும் நரம்பின் வாயிலும்

சென்ற திங்கள் ஒரு மாலை, கொங்கணத்திலுள்ள நமது ரயில்வே குடியிருப்பில், வாசலில் கிடந்த காலணிக்குள் காலை நுழைத்த ஏழு வயதுச் சிறுமியைத் தேள் கொட்டிற்று. "கடுப்பு அதிகமில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றனர் சிலர். நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பானேன்? சிறிது நேரத்தில் குழந்தைக்கு உடல் வியர்த்தது, வாந்தி கண்டது, கைகால்கள் சில்லிட்டன. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். பிழைத்துக்கொண்டாள். அதன்பின் இத்தேளைப் பற்றித் தேடிப் படிக்கலானோம்.

இச்செந்தேளுக்கு 1798-இல் பாப்ரிசியஸ் என்னும் டேனிஷ் அறிஞர் சூட்டிய பெயர் 'தமுலஸ்'. நம்மவர் பெயரைத் தாங்கிய பிராணி, நாம் பிழைக்க வந்த ஊரில் நமக்கு முன்பே குடியிருக்கிறது!

நரம்புச் செல்லின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் பல உள. சோடியம் உட்புகுந்தால் செய்தி எழும். பொட்டாசியம் வெளியேறினால் அச்செய்தி அடங்கும். வண்டி கடந்ததும் கைகாட்டி பழைய நிலைக்குத் திரும்புவது போன்றது இது. செந்தேளின் நஞ்சில் உள்ள சில நச்சுப் பொருள்கள் சோடிய வாயிலை மூடவொட்டாமல் தடுக்கும். வேறு சில பொட்டாசிய வாயிலை அடைக்கும். பின்னவற்றுள் ஒன்று, 1990-இல் பிரித்தறியப்பட்ட ஐபீரியோடாக்சின். 37 அமினோ அமிலங்களே கோத்த சிறு சரம் அது. அதற்கு உறவான, வேறொரு தேளின் நச்சை ஆராய்ந்தோர், 27-ஆம் இடத்திலுள்ள லைசின் வாயிலின் துவாரத்துள் புகுந்து தக்கைபோல் அடைப்பதைக் கண்டனர். அத்தக்கையைத் துணைக்கொண்டு பொட்டாசிய வாயிலை ஆராயத் தொடங்கிய மெக்கின்னன், பின்னர் அதன் வடிவத்தையே கண்டறிந்து, 2003-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அடங்காத நரம்புகளின் தூண்டுதலால் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இதயம் திணறுகிறது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. கொட்டிய இடத்தில் கடுப்பு குறைவாயிருப்பினும் இது நேரலாம். மஹாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குரிய பிரசோசின் மாத்திரையை 1980-களில் இதற்குக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். அது நஞ்சை முறிப்பதன்று. இறுகிய குழாய்களைத் தளர்த்துவது. நஞ்சுமுறி மருந்தையும் சேர்த்தால் குணம் விரைவில் காண்கிறது என்பது 2011-இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முடிவு. இவையெல்லாம் மருத்துவர் பார்த்துக் கொடுக்கவேண்டியவை. வீட்டுப் பெட்டியில் வாங்கி வைக்கத்தக்கவை அல்ல.

சிறுமி மீண்டும் பள்ளிக்குச் செல்கிறாள். காலணியை இருமுறை உதறிய பின்னரே அணிகிறாள். நம் வீட்டிலும் இப்பொழுது அதுவே வழக்கம்.