ஞாயித்துக்கிழமை ஒரு லேத் கிடைக்குமா?

கோயமுத்தூர்ல இருந்துகிட்டு லேத் தேடி அலைஞ்சேன்னு சொன்னா சிரிப்பீங்க. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தச் சந்துல நுழைஞ்சாலும் கடைசல் பட்டறைதான். ஆனா ரெண்டு மாசமா நான் தேடினது வேலை செஞ்சு தர்ற பட்டறையை இல்லை. நானே நின்னு ஓட்டிப் பார்க்க ஒரு லேத். ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்னு இப்பத்தான் தெரியுது.

ஆசை சின்னதுதான். உள்ளங்கை அகலத்துல ஒரு ஸ்டிர்லிங் எஞ்சின் செய்யணும். அடியில ஸ்பிரிட் விளக்கு வச்சா அதுபாட்டுக்குச் சுத்தணும். பெட்ரோல் கிடையாது, வெடிப்பு கிடையாது. உள்ள அடைபட்ட காத்து சூடாகி விரியும், குளிர்ந்து சுருங்கும், அவ்வளவுதான் சூட்சுமம். வம்பு பிடிச்சது பிஸ்டன். சிலிண்டருக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கலாம். கூடினா காத்து கசியும், குறைஞ்சா உராய்வுலயே நின்னுடும். சரியா வந்திருக்கான்னு பார்க்கிற விதம் அழகா இருக்கும். சிலிண்டரோட அடியை விரலால மூடிட்டு பிஸ்டனை மேலிருந்து விட்டா, மெத்தையில உக்கார்ற மாதிரி மெதுவா இறங்கணும். விரலை எடுத்தா சர்ருனு விழணும்.

போன பட்டறையில எல்லாம் ஒரே பதில். "டிராயிங் குடுத்துட்டுப் போங்க, செஞ்சு வைக்கிறோம். எத்தனை பீஸ்ங்க?" ஒண்ணுன்னு சொன்னதும் முகம் மாறிடும். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. சக்குல பிடிச்சு, சென்டர் பார்த்து, டூல் வச்சு முடிக்கிற நேரம் ஒரு பீஸுக்கும் ஒண்ணுதான், ஐநூறு பீஸுக்கும் ஒண்ணுதான். "நானே ஓட்டிக்கறேங்க, மணிக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்கிக்குங்க"ன்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன். "கை போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"ன்னார். நியாயந்தானே? சக்குச் சாவியை எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டா அது பறந்து வந்து மண்டையைப் பிளக்கும். கைக்குப் பாதுகாப்புன்னு கிளவுஸ் மாட்டினா அதுவே கையை உள்ள இழுத்துடும்.

வீட்லயே ஒரு மினி லேத் வாங்கிப் போடேன்னு நண்பர்கள் சொல்றாங்க. சின்னதே கிட்டத்தட்ட 40 கிலோ. வாடகை வீடு, மாடி போர்ஷன். கீழ்வீட்டு அம்மா மிக்ஸி சத்தத்துக்கே மேல பார்ப்பாங்க :-)

நிற்க. எஞ்சின் பாதிக் கதைதான். அப்பா 30 வருஷம் பம்ப் கம்பெனியில டர்னர். நான் படிக்கிற பையன்னு சொல்லி ஒரு நாள்கூட மெஷின் கிட்ட விட்டதில்லை. இப்ப எனக்கு 41 வயசு, பேங்க்ல வேலை. அவருக்கு 72. வெர்னியரைப் பிடிக்கும்போது கை லேசா நடுங்குது. ஆனா வெட்டுற சத்தத்தை வச்சே டூல் மழுங்கிடுச்சான்னு சொல்வார். அதைக் கத்துக்க நாங்க ரெண்டு பேரும் ஒரு லேத் முன்னாடி நிக்கணும். அதுக்குத்தான் இடம் இல்லை.

2016லிருந்து பள்ளிக்கூடங்கள்ல அடல் ஆய்வகம் வந்திருக்கு, சந்தோஷம். ஆனா அங்க 3டி பிரிண்டரும் எலக்ட்ரானிக்ஸும்தான் பிரதானம், அதுவும் பிள்ளைகளுக்கு. என் கண்ணு ஐ.டி.ஐ. மேல. டர்னர் பிரிவுக்குன்னு வரிசையா லேத் நிக்குது, சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கு. ஞாயித்துக்கிழமை அரைநாள், ஒரு பயிற்றுநர் கண்பார்வையில, கட்டணம் வாங்கிக்கிட்டுத் திறந்து விட்டா என்ன? முதல்ல ஒரு மாசம் பாதுகாப்புப் பாடம், அதுல தேறினவங்களுக்கு மட்டும் மெஷின்னு வைக்கட்டுமே.

இதையே வியாபாரமா செய்யலாமேன்னு கேட்கலாம். அமெரிக்காவுல டெக்‌ஷாப்னு 2006ல ஆரம்பிச்சாங்க. மாசச் சந்தா கட்டினா லேத், மில்லிங், வெல்டிங் எல்லாம் தொடலாம். 2017 நவம்பர்ல அங்கிருந்த கிளைகளை மொத்தமா மூடிட்டாங்க, திவால். சந்தாப் பணத்துல வாடகையும் ரிப்பேரும் சம்பளமும் கட்டுறது லேசில்லை. அதே சமயம் லண்டன்ல 1898ல ஆரம்பிச்ச மாடல் எஞ்சினியர்கள் சங்கம் இன்னும் சொந்தப் பட்டறையோட ஓடுது. அது கடை இல்லை, சங்கம். நமக்கும் அந்த வழிதான் ஒத்துவரும்னு தோணுது.

அரசாங்கம் அசையறதுக்குள்ள அப்பாவே ஒரு வழி பண்ணிட்டார். கூட வேலை பார்த்த ஒருத்தர் ரெண்டு லேத் வச்சிருக்கார். ஞாயிறு காலை 9லிருந்து 1 வரை. கரண்டுக் காசு நாங்க கட்டணும், டூல் எங்களுது, கூட்டிப் பெருக்கிட்டுப் போகணும், அப்பா பக்கத்துல நிக்காம சுவிட்ச் போடக்கூடாது. இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. போன வாரம்தான் முதல் நாள். முழுக்கைச் சட்டையோட போனேன். "வீட்டுக்குப் போய் அரைக்கைச் சட்டை போட்டுட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டார்.