ஒப்பமிடுமுன் கேளுங்கள்

எங்கள் நாளமில்லாச் சுரப்பிகள் பிரிவின் புறநோயாளர் கூடத்தில் ஒரு காட்சி அடிக்கடி நிகழ்கிறது. ஆய்வொன்றில் சேர இசைவு கேட்டதும், நோயாளியுடன் வந்திருக்கும் மகனோ மகளோ, “எங்கள் அம்மாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டுவிடுகிறார்கள். இக்கேள்வியால் எங்களுக்கு வருத்தமில்லை. தாயின் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் இது. இதற்கு எங்களில் சிலர் அவசரமாகத் தரும் விடைதான் எங்களுக்கு உடன்பாடில்லை: “ஒன்றுமில்லை, கொஞ்சம் இரத்தம் எடுப்போம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்.”

ஒன்றுமில்லை என்று சொல்வது உண்மையன்று. புதிய மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு வேறு. நோய் எவ்வாறு தோன்றி எவ்வாறு நடந்துகொள்கிறது என்று உற்றறியும் ஆய்வு வேறு. சுரப்பி நோயாளிகளிடம் நாங்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டாம் வகைக்கு. இதில் புது மருந்து இல்லை. ஆனால் நோயாளியின் நேரமும் பொறுமையும் நிறையத் தேவைப்படுகின்றன. ஹார்மோன் அளவு நாள் முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசால் விடியற்காலையில் உயர்ந்து, நள்ளிரவில் மிகவும் தாழ்ந்துவிடும். குஷிங் நோய்க்கூறு உள்ளவர்களுக்கு அந்த நள்ளிரவுத் தாழ்வு இல்லாமற் போகிறது. பகல் பத்து மணிக்கு ஒருமுறை எடுத்த இரத்தம் இதைக் காட்டாமலே போகலாம். ஆகவேதான் இரவு பதினொரு மணிக்கு உமிழ்நீர் கேட்கிறோம். இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துத் தரச் சொல்கிறோம். முதல் நாள் காலைச் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை வரை கழிவது அத்தனையையும் குடுவையில் சேர்க்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் கணக்குப் பிழையாகும். திருமண வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் அந்தக் குடுவை எத்தனை சங்கடம் என்பதை, ஆய்வுத் திட்டம் எழுதும் எங்களைப் போன்றவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதேயில்லை.

இப்படி அளந்து பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்? இதற்கு விடையாக, பாராதைராய்டு நோயின் வரலாற்றிலிருந்து ஒருவரை நினைவுகூர விரும்புகிறோம். சார்லஸ் மார்ட்டெல் அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர். ஆறடிக்கு மேல் உயர்ந்த அம்மனிதர் சில ஆண்டுகளில் ஏழு அங்குலம் குறுகிப்போனார். எலும்புகள் அடுத்தடுத்து முறிந்தன. சிறுநீரில் கற்கள் வந்தன. தைராய்டின் பின்புறம் அரிசிமணி அளவில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாகச் சுரந்து, எலும்பின் சுண்ணச்சத்தை இரத்தத்திற்குள் இழுக்கின்றன என்று 1926இல் நியூயார்க் மருத்துவர்கள் ஊகித்து, அவரைப் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு அனுப்பினர். அங்கே ஆய்வுக்கென்றே தனிக்கூடம் இருந்தது. அவர் உண்டதில் எவ்வளவு சுண்ணச்சத்து, கழித்ததில் எவ்வளவு என்று நாள்தோறும் அளந்தார்கள். கணக்கு நோயைக் காட்டியது. ஆனால் கழுத்தைத் திறந்து தேடியபோது கட்டி அகப்படவில்லை. மீண்டும் தேடினார்கள், அப்போதும் இல்லை. மார்ட்டெல் உடற்கூற்றியல் நூல்களைத் தாமே படித்தார். தேடலைக் கைவிட வேண்டாம் என்று வற்புறுத்தினார். 1932இல், ஏழாவது அறுவையில், கட்டி மார்புக்கூட்டினுள் கண்டுபிடிக்கப்பட்டது. சில வாரங்களில், சிறுநீர்ப் பாதையில் சிக்கிய கல்லின் தொல்லைக்குப் பின் அவர் காலமானார்.

ஆய்வுக்கு ஆள் சேர்க்க இக்கதையைச் சொல்வதாக எண்ண வேண்டாம். மார்ட்டெலுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. இன்று அடிக்கடி சிறுநீரகக் கல் வருபவருக்கு இரத்தச் சுண்ணச்சத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் சோதிக்கிறோம். கட்டி மார்பினுள் மறைந்திருந்தாலும் கத்தி வைக்குமுன்பே அதைக் கதிரியக்கப் படங்களில் பெரும்பாலும் தேடிக் கண்டுகொள்கிறோம். அந்தப் பயன் பின்னால் வந்தவர்களுக்குப் போனது. இதை மறைக்காமல் சொல்லித்தான் இசைவு கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. “இதனால் உங்களுக்கு நேரடி நன்மை இல்லாமலும் போகலாம்” என்று சொன்னால் யாரும் சேர மாட்டார்கள் என்று சக மருத்துவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. உண்மையைக் கேட்ட பிறகு சேர்ந்தவர்களே குடுவையைச் சரியாக நிரப்பிக் கொண்டுவருகிறார்கள்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. எந்தச் சோதனை என் சிகிச்சைக்கு, எந்தச் சோதனை ஆய்வுக்கு? ஆய்வுக்காக மட்டும் செய்யும் சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. இடையில் விலகலாமா? எந்த நேரத்திலும் விலகலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது. எடுத்த இரத்தத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், வேறு ஆய்வுக்குத் தருவீர்களா? என் முடிவுகளை என்னிடம் சொல்வீர்களா? இக்கடைசிக் கேள்வியில் நாங்களே தவறியிருக்கிறோம். மூன்று முறை வந்து இரத்தம் கொடுத்துச் சென்ற பெண்மணி ஒருவர், “என்ன தெரிந்தது, ஐயா?” என்று ஓராண்டு கழித்துக் கேட்டபோதுதான் அவருடைய கோப்பைத் திறந்தோம்.

மற்றொன்றில் சற்றும் தயங்க வேண்டாம். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தும்படி யார் சொன்னாலும், எந்த மாத்திரை, எத்தனை நாள், யாருடைய பொறுப்பில் என்று எழுத்தில் கேளுங்கள். அட்ரீனல் குறைபாட்டுக்கு ஹைட்ரோகார்டிசோனோ பிரெட்னிசோலோனோ உட்கொள்பவர் அதைத் தாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இசைவுப் படிவத்தைப் பெற்ற அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். தமிழில் எழுதப்பட்டிராவிட்டால் திருப்பிக் கொடுத்துத் தமிழில் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது விடை சொன்னால் போதும்.