மண்ணெண்ணெய் டைமிங்

போன மாதம் சத்வாவில் ஒரு கராஜைத் தாண்டிப் போகும்போது கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே ஒரு மொரிஸ் மைனர்! ஊரில் வாடகைக்கு ஓடின சாமான், இங்கே யாரோ அரபியின் செல்லப்பிள்ளை. குனிந்து நின்று வேலை செய்தவர் எங்கட யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். பிறகென்ன, கதை தொடங்கிவிட்டது.

கார் சூடாகிறதாம், இழுவையும் இல்லையாம். ரேடியேற்றர் கழுவியும் சரிவரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வக்யூம் குழாயைக் கழற்றி அடைத்திருந்தது. டைமிங்கும் நல்லாப் பிந்தி.

"ஏனண்ணை?"

"அப்பதான் தம்பி நொக் அடிக்காது."

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1990 இல் வடக்குக்குப் பெற்றோல் தடை வந்த பிறகு இந்த மொரிஸ், ஒஸ்ரின் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய். அதுக்கு ஒக்ரேன் மிகக் குறைவு. பிளக்கின் நெருப்பு பரவி முடிய முன்னமே மிச்சக் கலவை தானாக வெடித்துத் தட்டும். அதனால் பொறியைப் பிந்த வைத்தார்கள். டைமிங் லைற்றும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் காதாலே! அந்த வித்தைக்கு நான் தலைவணங்குவேன்.

ஆனால் டுபாயில் ஊற்றுவது 95, 98 பெற்றோல். இதுக்கும் பொறியைப் பிந்தவிட்டால், எரிந்து முடிய முன்னமே எக்சோஸ்ற் வால்வு திறந்துவிடும். சக்தியாக வரவேண்டியது வெறும் சூடாகப் போகும். அதுவும் இந்த வெயிலில்.

'ரேஸ் காருக்கு வக்யூம் அட்வான்ஸ் இல்லையே' என்று சிலர் வாதாடுவார்கள். அது முழுதாக மிதித்தபடியே ஓடுவது, அங்கே வக்யூமே கிடையாது. சத்வாச் சந்துகளில் அரைக்கால் மிதியில் ஊரும்போது கலவை ஐதாக இருக்கும், ஆறுதலாக எரியும். அப்போது பொறி முந்தி வரத்தான் வேண்டும். அதுக்குத்தான் அந்தக் குழாய். டைமிங் வைக்கும்போது மட்டும் கழற்றி அடையுங்கோ. வைத்து முடிந்ததும் திரும்ப மாட்டுங்கோ.

இதைச் சொன்னதும் அண்ணைக்குக் கொஞ்சம் கோபம். என்றாலும் மூடியைத் திறந்தார், குழாயை வாயால் உறிஞ்சினார். உள்ளே தட்டு அசைந்தது. டயபிரம் கிழியவில்லை. டைமிங்கை முந்த வைத்து, குழாயை மாட்டினார். பிறகு எஞ்சினுக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோய் நிறைய நேரம் நின்றார்.

"மேட்டில நொக் அடிச்சா?"

"டிஸ்ரிபியூட்டரில இருக்கிற சின்ன நட்டை 'ஆர்' பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ. சத்வாவில மேடு எங்கையண்ணை?"

சிரித்தார்.