படைவீரனின் மூட்டை

வீரம் பேசாத தமிழ் மேடை இல்லை. மார்பில் ஏற்ற விழுப்புண்ணை ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றி வரும் மரபு இது. ஆனால் அதே வீரனின் குதிகாலில் எழும் கொப்புளத்தைப் பற்றி மேடைகள் வாய் திறப்பதில்லை. போராயினும் பயிற்சியாயினும் படை நடப்பது காலால்தான். கால் புண்ணாகிவிட்டால் தோளிலுள்ள துப்பாக்கி வெறும் இரும்புச் சுமை. இந்த எளிய உண்மையை ஏற்க மறுக்கும் போலி வீரம் ஒன்று மலேசியத் தமிழரிடையே இன்றும் தலைநிமிர்ந்து உலவுகிறது. அதன் முகமூடியைக் கழற்றியே ஆக வேண்டும்.

பங்சாரை ஒட்டியே மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. அங்குப் பயிலும் மாணவருள் ஒரு பகுதியினர் பாலாப்பேஸ் எனப்படும் சேமப்படை அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்து காட்டுக்குள் களப்பயிற்சிக்குச் செல்கின்றனர். வேலை பார்த்துக்கொண்டே வத்தானியா தொண்டர் படையில் பயில்வோரும் உண்டு. 2004இல் தொடங்கி 2018இல் கைவிடப்பட்ட தேசிய சேவைப் பயிற்சித் திட்டம், 2025இல் புது வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது. இவற்றில் சேரும் தமிழ் இளைஞரும் இளம்பெண்களும் எண்ணிக்கையில் குறைவே. அக்குறைந்த பேரும் புறப்படும் நாளில் என்ன கேட்கின்றனர்? கூடுதலாக இரண்டு இணைக் காலுறையும் ஒரு கொசுவலையும் எடுத்து வைக்கும் பிள்ளையைப் பார்த்து வீட்டுப் பெரியவர் நகைக்கிறார். "என்னப்பா, சுற்றுலாவுக்கா போகிறாய்? எல்லாவற்றையும் அரசாங்கம் கொடுக்கும். கொடுக்காததைப் பொறுத்துக்கொள்பவன்தான் பட்டாளத்துக்காரன்" என்கிறார். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இது அறியாமை அணிந்துகொண்ட சீருடை.

படை கொடுப்பவை பல: சீருடை, காலணி, முதுகுப்பை, ஆயுதம், உணவு. அவை ஆயிரம் பேருக்கென ஒரே அளவில் செய்யப்பட்டவை. ஒவ்வொருவர் காலும் வேறு. ஒவ்வொருவர் தோலும் வேறு. ஒருவனுக்கு விரலிடுக்கில் புண் வரும். மற்றவனுக்குத் தொடையிடுக்கில் தோல் உரியும். அந்த வேறுபாட்டை நிரப்ப வேண்டியது அவனவன் கையோடு கொண்டுசெல்லும் சிறு மூட்டையே. இதை ஆடம்பரம் என்போர் போர் வரலாற்றை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பிரிட்டிஷ் இந்தியப் படையை நடத்திய தளபதி ஸ்லிம், 1943இல் காயம்பட்டு வெளியேறிய ஒவ்வொருவருக்கும் ஈடாக 120 பேர் நோயுற்று வெளியேறினர் என்று பதிவு செய்திருக்கிறார். அவர்களை வீழ்த்தியது பகைவன் குண்டு அல்ல. கொசுவும் அழுக்கு நீரும். மெபாக்கிரின் மாத்திரையை வீரர்கள் நாள்தோறும் விழுங்குகின்றனரா என்று கண்காணிக்கத் தவறிய படைப்பிரிவுத் தலைவர் மூவரை அவர் பதவியிலிருந்து நீக்கினார். உடலைக் காப்பது கோழைத்தனம் என்று அவர் கருதவில்லை. காக்கத் தவறுவதையே குற்றமாகக் கருதினார்.

மலேசியக் காட்டில் களப்பயிற்சிக்குச் செல்பவனுக்கு எதிரிகள் நால்வர்: ஈரம், பூச்சி, அழுக்கு நீர், இருள். மூட்டையில் இடம்பெறும் ஒவ்வொரு பொருளும் இந்நால்வருள் ஒருவருக்கேனும் மறுமொழி கூற வேண்டும்.

ஈரத்துக்கு மறுமொழி, முதுகுப்பையின் உட்புறம் விரிக்கும் தடித்த நெகிழிப்பை. அதனுள் ஓர் உடுப்பும் இரண்டு மூன்று இணைக் காலுறைகளும் எந்நிலையிலும் நனையாமல் இருக்க வேண்டும். பகலில் எத்துணை நனைந்தாலும் இரவில் உலர்ந்த உடையில் உறங்கி, காலையில் மீண்டும் அதே ஈர உடையை அணிந்து நடப்பதே அனுபவம் மிக்க காட்டுப் படையினர் வழக்கம். உலர்ந்த உடையைப் பகலிலும் அணிந்துவிடுபவனுக்கு இரண்டாம் இரவில் உலர்ந்தது எதுவும் எஞ்சாது. காலுக்குத் தூவும் பொடி, கொப்புளத்துக்கு ஒட்டும் பசைத்துணி, மாற்றுக் காலணிக் கயிறு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

பூச்சிக்கு மறுமொழி, கொசுவலையும் கொசு விரட்டும் தைலமும், கணுக்காலுக்கு மேல் இறுகக் கட்டும் அட்டைக் காலுறையும். புல்லில் வாழும் நுண்ணிய உண்ணியால் பரவும் காய்ச்சல் ஒன்று உண்டு. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் அந்நோய்க்குக் குளோரோமைசெட்டின் மருந்து கைகண்டது என்று மெய்ப்பிக்கப்பட்டது. உலகம் அறிந்த அச்செய்தியைக் கோலாலம்பூரிலேயே பிறந்தவன் அறியாமல் புல்தரையில் வெறுங்காலோடு படுப்பது வீரமா?

அழுக்கு நீருக்கு மறுமொழி, நீரைத் தூய்மையாக்கும் மாத்திரையும், கொதிக்க வைக்கக்கூடிய உலோகக் குவளையும், நனையாத உறையிலிட்ட தீப்பொறியும். உடலிலுள்ள சிறு கீறலையும் நீர்புகாத பசைத்துணியால் மூட வேண்டும். 2010இல் பகாங் மாநிலத்து லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களிடையே எலிக்காய்ச்சலும், மெலியாய்டோசிஸ் என்னும் மண்வழி நோயும் பரவி உயிர்ப்பலி வாங்கியதை மறக்கலாகாது.

இருளுக்கு மறுமொழி, செந்நிற ஒளி தரும் சிறு கைவிளக்கு, ஒரு சீழ்க்கை, ஈரத்திலும் எழுதும் பென்சில். இவற்றோடு ஊசி, நூல், கரண்டி, சில முழம் உறுதியான கயிறு. அவ்வளவே. அனைத்தையும் இரு கைகளுக்குள் அள்ளிவிடலாம்.

போலி வீரத்துக்கு எதிர்முனையில் மற்றொரு கேடு நிற்கிறது. அது வாணிகம். நகரத்துப் பேரங்காடிகளில் காட்டுப் பயணப் பொருள்கள் கண்ணைப் பறிக்கின்றன. பத்து வேலை செய்யும் கத்தி, மடிக்கும் நாற்காலி, கையளவு அடுப்பு என வாங்கிக் குவித்துக்கொண்டு போகும் செல்வர் வீட்டுப் பிள்ளை, முதல் குன்றிலேயே மூச்சிரைத்து நிற்கிறான். வீரன் சுமக்கும் எடை அவன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது படை வல்லுநர் பலகாலமாகச் சொல்லி வரும் கணக்கு. ஆயுதமும் நீரும் உணவுமே அக்கணக்கில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எஞ்சிய இடத்தில் வைக்க வேண்டியவை எவை என்று அறிவதே அறிவு. பொறுத்துக்கொள் என்னும் பெரியவரும் வாங்கிக்கொள் என்னும் வணிகரும் அந்த அறிவைக் கொடுப்பதில்லை.

அறிவில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை மலாயாத் தமிழர் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் பர்மா மரண இரயில் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் ஏற்றிச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் போர்க் கைதிகளான வெள்ளையரும் ஆசியத் தொழிலாளரும் ஒரே மழையில் நனைந்தனர். ஒரே ஆற்று நீரை அருந்தினர். 1943இல் வாந்திபேதி வந்தபோது போர்க் கைதிகளின் முகாம்களில் மருத்துவர் இருந்தனர், கட்டளை இருந்தது. கொதிக்காத நீரைத் தொடலாகாது. உணவுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்த பின்னரே சோறு வாங்க வேண்டும். கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். தமிழரும் பிற ஆசியரும் அடைக்கப்பட்ட முகாம்களிலோ சாவு அதனினும் பன்மடங்கு. அங்குக் கட்டளையிட ஒருவருமில்லை, கற்பிக்கவும் ஒருவருமில்லை. கொதித்த நீரில் முக்கிய ஒரு தகரத் தட்டு, பிழைத்தவனையும் மாண்டவனையும் பிரித்த கோடுகளுள் ஒன்றாயிற்று. மாண்டவர்களுக்கு வீரமில்லை என்று சொல்லத் துணிபவர் யார்?

ஆயினும் காட்டறிவு தமிழருக்குப் புதிதன்று. பங்சார் என்னும் பெயரே பங், கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் கலந்து வந்தது என்பர். இன்று உணவகமும் மாளிகையும் நிறைந்த அம்மேட்டில் அன்று இருந்தது இரப்பர் தோட்டம். விடியுமுன் புறப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளியின் தலையில் விளக்கு இருந்தது. இடுப்பில் புகையும் கொசுவத்தி தொங்கியது. அட்டை ஏறாதபடி காலில் துணி சுற்றியிருந்தது. எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று பாட்டி பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை ஒடுக்கியபோது, கால்வாய் வெட்டியவை தொழிலாளர் கைகளே. அத்தகையோரின் பேரன் இன்று காட்டுக்குள் சென்று, நனைந்த காலுறையோடு மூன்று நாள் நடந்து, தோலுரிந்த பாதத்தோடு திரும்புகிறான் என்றால், மறதி எவ்வளவு விரைவாக நடந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டம் போனது, தோட்டத்தின் அறிவும் அதனோடு போயிற்று.

படைக்குச் செல்வோர் நிறைந்த குடும்பங்களில் இந்த அறிவு சொல்லாமலே கைமாறுகிறது. அண்ணன் தம்பிக்குச் சொல்கிறான்; மாமன் மருமகனுக்குச் சொல்கிறார். பட்டாளத்துக்குச் செல்வோர் அருகிய தமிழ்க் குடும்பங்களில் அந்தச் சங்கிலி அறுந்து கிடக்கிறது. இதன் முழுச் சுமையும் ஏழை வீட்டுப் பிள்ளையின் மீதே விழுகிறது. பங்சார் மேட்டுப் பிள்ளை தவறான பொருளையேனும் வாங்குவான்; அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு போவான். முதல் பயிற்சியிலேயே மனம் முறிந்து விலகுவான். பின்னர், "தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படை ஒத்துவராது" என்று அதே பெரியவர் தீர்ப்பும் கூறுவார்! பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு அவன் உறுதியைக் குறை கூறுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பிரிக்பீல்ட்ஸில் தமிழ் மன்றங்களுக்கும் சங்கங்களுக்கும் குறைவில்லை. பொன்னாடைக்கும் மாலைக்கும் செலவழியும் தொகையில் ஒரு சிறு பகுதி போதும், பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இம்மூட்டையைக் கட்டித் தரலாம். ஓய்வு பெற்ற தமிழ்ப் படைவீரரை அழைத்து ஒரு மாலைப்பொழுது பேசச் செய்யலாம். பயிற்சி அதிகாரி எதை அனுமதிப்பார், எதைத் தடுப்பார் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள். அத்தகைய மாலைப்பொழுதில் வீரவுரை வேண்டாம். காலுறையை எப்படி உலர்த்துவது என்று கற்பித்தால் போதும். விழுப்புண்ணைப் பாட விரும்புவோர், வீரனின் பாதம் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை முதலில் ஏற்கட்டும்.