வேலை நடுவே அணையும் கணினி

லிங்கியிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: மகன் பள்ளிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோதே கணினி ‘அப்டேட்’ என்று சொல்லி அணைந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் போயிற்றாம், பிள்ளை அழுதானாம்.

அழாமல் என்ன செய்வான்! அம்மா, விண்டோஸ் கணினியின் செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ திறந்து, ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ போங்கள். ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்ற இடத்தில் காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை குறித்துவிட்டால், அந்த 18 மணி நேரமும் அப்டேட்டுக்காகத் தானாக அணையாது. பரீட்சைக் காலமென்றால் முன்பக்கத்து ‘பாஸ்’ பொத்தானை அழுத்தி 5 வாரம் வரை தள்ளிப்போடலாம்.

அடியோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது; இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.

ஞாயிறு மத்தியானம், தம்பி விளையாடப் போன பிறகு, நீங்களே அப்டேட்டை இறக்கிப் போடுங்கள்.