எண்ணிக்கைக் கூலிக்கு ஸ்கேன் படிக்கலாமா?

இந்தியாவின் 140 கோடி மக்களுக்கு ஸ்கேன் படித்துச் சொல்ல ரேடியாலஜிஸ்டுகள் ஏறத்தாழ 20,000 பேர்தான் இருக்கிறார்கள் என்பது அத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில். இயந்திரங்களோ மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டிச் சிற்றூர்கள் வரைக்கும் வந்துவிட்டன. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கியது. தலையில் அடிபட்டு வருகிறவருக்கு அந்த 48 மணி நேரத்தின் தொடக்கத்திலேயே தேவைப்படுவது ஒரு சி.டி. ஸ்கேன். நள்ளிரவிலும் படம் எடுக்க டெக்னீஷியன் இருப்பார். எடுத்த படத்தைப் பார்த்து, மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல ஆள் இருப்பாரா? 20,000 பேரை எல்லா ஊருக்கும் பங்கு போட முடியாது. படம்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நள்ளிரவில் அந்த இடம் பெரும்பாலும் அவர்களுடைய வீடு. இதைச் சலுகை என்றும் சோம்பல் என்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து படிப்பதை அரசு மருத்துவமனைகள் உட்பட எல்லோரும் முறைப்படி ஏற்க வேண்டும் என்கிறேன் நான். நாம் பயப்பட வேண்டியது, ஒரு ஸ்கேனுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கத்துக்கு.

தொழில்நுட்பத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. எந்த நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்த படத்தையும் வேறிடத்தில் தரம் குறையாமல் திறந்து பார்க்க வழிசெய்யும் ‘டைகாம்’ என்ற பொது முறை 1993 முதல் இருக்கிறது. அமெரிக்காவில் இரவென்றால் இங்கே பகல் என்ற வசதியை வைத்து, 2002இல் பெங்களூரில் தொடங்கிய ஒரு நிறுவனம் அந்நாட்டு மருத்துவமனைகளின் இரவு ஸ்கேன்களைப் படித்துக் கொடுத்தது. கடல் கடந்து படிப்பது சரியென்றால், ராமநாதபுரத்துப் படத்தை மதுரையிலிருந்து படிப்பது மட்டும் எப்படித் தவறாகும்? வித்தியாசத்தை உண்டாக்குவது திரையும் அறையின் வெளிச்சமும்தான். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டால், எக்ஸ்ரேயில் காறையெலும்பை ஒட்டி மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதற்கு வெளியே ரத்தக்குழாய்களின் நிழல் இருக்காது. வெளிச்சம் குறைத்த அறையில், சாம்பல் நிறத்தின் சாயல்களைச் சரியாகக் காட்டும்படி சீர்செய்த மருத்துவத் திரையில் அந்தக் கோடு கண்ணில் படும். ஜன்னல் வெயில் விழும் லேப்டாப்பில் தப்பிவிடலாம். திரையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேட்கவே வேண்டாம். ஒன்றிய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளோ, கருவியும் மென்பொருளும் எப்படி இருக்க வேண்டும் என்பது தங்கள் வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டன. அந்த இடத்தை யாராவது நிரப்பியாக வேண்டும். வீட்டில் வைக்கும் திரை மருத்துவமனையின் செலவாக இருக்க வேண்டும். கோவிட் காலத்தில் பிரிட்டனின் பல மருத்துவமனைகள் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ரேடியாலஜிஸ்ட் மருத்துவமனையிலேயே இருந்தால், வார்டு டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க சார், ராத்திரிதான் வலி ஆரம்பிச்சிருக்கு” என்பார். அந்த ஒரு வாக்கியம் படத்தின் பொருளையே மாற்றிவிடும். மறுப்பதற்கில்லை. ஸ்கேனுக்கு எழுதி அனுப்பும் சீட்டில் ‘மூளை சி.டி., தலைவலி’ என்று மட்டும் இருந்தால், படிக்கிறவர் எதை என்று தேடுவார்? அதே சீட்டில் ‘காலை 6 மணியிலிருந்து வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது’ என்றிருந்தால் அவர் கண் நேரே மூளையின் இடப்பக்கத்து நடுத் தமனிக்குப் போகும். அங்கே ஒரு நூல்துண்டு வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிந்தால், ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்று சந்தேகிப்பார். அந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, வழக்கமான கணக்கில், நாலரை மணி நேரம்தான் கெடு. ஆனால் இந்தத் தகவலைச் சொல்ல டாக்டர் மாடியிறங்கி வர வேண்டும் என்பதில்லை. சீட்டில் எழுதலாம், போனில் சொல்லலாம். ஒரே கட்டடத்தில் அடுத்த மாடியில் இருப்பவருக்கும் ‘தலைவலி’ என்ற ஒற்றைச் சொல்தான் போகிறது என்றால், கோளாறு தூரத்தில் இல்லை. விவரமில்லாத சீட்டைத் திருப்பி அனுப்பும் உரிமையும், நோயாளியின் பழைய ஸ்கேனைத் திறந்து ஒப்பிடும் வசதியும் படிக்கிறவருக்கு வேண்டும். உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கண்டால் தட்டச்சு செய்வதற்கு முன்னால் போனை எடுத்துச் சொல்வது கட்டாயமாக வேண்டும்.

எண்ணிக்கைக் கூலி இந்த மூன்றையும் அடித்துவிடுகிறது. பழைய படத்தைத் தேடித் திறக்கும் 5 நிமிடத்துக்குக் காசில்லை. டியூட்டி டாக்டரை போனில் பிடிக்கக் காத்திருக்கும் 10 நிமிடத்துக்கும் காசில்லை. அடுத்த படத்துக்குத் தாவினால்தான் காசு. வேகத்துக்கு என்ன விலை என்பது ஓரளவு தெரிந்ததே. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1999இல் ஒரு ரேடியாலஜிஸ்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. 2010இல் அது 16 ஆகியிருந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு சிறு ஆய்வில், 5 ரேடியாலஜிஸ்டுகளை அவர்களது வழக்கமான வேகத்தைப்போல இரு மடங்கில் படிக்கச் சொன்னார்கள். பெரிய பிழைகள் 10 சதவீதத்திலிருந்து 26.6 சதவீதமாக ஏறின. ஐந்தே பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் காரணம் நமக்குப் புரியாததல்ல. ஒரு கோளாறு கிடைத்ததும் கண் தேடுவதை நிறுத்திக்கொள்ளும். விலா எலும்பு முறிவைப் பிடித்தவர் அதே எக்ஸ்ரேயின் மேல் மூலையில் உள்ள சிறு கட்டியை விட்டுவிடுவார். இன்னொரு தடவை நிதானமாகப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. பீடி சுற்றுகிறவரின் எண்ணிக்கைக் கூலி அவர் உடம்பைத்தான் வாட்டும். இங்கே வாட்டப்படுவது முகம் தெரியாத நோயாளியின் உடம்பு. மருத்துவமனையில் இருப்பவரும் களைக்கிறார். ஆனால் அவர் கண்ணைக் கசக்குவதைப் பார்க்கப் பக்கத்தில் ஆள் உண்டு, ஷிப்ட் முடிந்து எழுந்துபோக நேரமும் உண்டு. வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்த வரம்பை விதிதான் போட வேண்டும்.

வீட்டிலிருந்து செய்ய முடியாதவையும் உண்டு. அல்ட்ராசவுண்டுக்குக் கை நோயாளியின் வயிற்றில் இருக்க வேண்டும். ஊசி வைத்துத் திசு எடுப்பதும் அப்படியே. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஒரு டாக்டர் அங்கேயே நின்றாக வேண்டும். ஆகவே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பு என்று யாரும் கேட்கவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரவு டியூட்டிக்கு வர முடியாமல் வேலையை விட்டுவிடும் பெண் மருத்துவர், வாரத்தில் 3 நாள் இரவு 4 மணி நேரம் வீட்டிலிருந்து படித்தால், அந்த 4 மணி நேரமும் நமக்கு லாபம். எட்டாண்டுக்கும் மேல் படித்து வந்த படிப்பு அது.

கடைசியாக ஒரு பயம்: இப்படி வழிவிட்டால் மாவட்டங்களில் ரேடியாலஜிஸ்ட் பணியிடங்களை அரசு நிரப்பாமலே விட்டுவிடும். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் தொலைவிலிருந்து எக்ஸ்ரே படிக்கும் ஏற்பாடு 2015 முதல் இடம்பெற்றிருக்கிறது. அப்படியானால் வெளியாளிடம் கொடுக்கும் வாசல் ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. அந்த வாசலில் என்ன நிபந்தனை போடுகிறோம் என்பதைப் பேச வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற கணக்கு சாலைக்கே சரிப்படவில்லை. ஸ்கேனுக்கு எப்படிச் சரிப்படும்? அரசுப் பணியில் இருக்கும் ரேடியாலஜிஸ்டுகளின் இரவு டியூட்டியையே வீட்டுக்கு மாற்றி, ஸ்கேன் எண்ணிக்கையைப் பார்க்காமல் மணிக்கணக்கில் சம்பளம் தரலாம். வெளியாளிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒருவர் ஒரு ஷிப்டில் படிக்கக்கூடிய உச்ச அளவை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நூற்றில் 5 படங்களையாவது இன்னொருவர் மறுபடி படித்துச் சரிபார்க்க வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் படித்தவரின் பெயரும் பதிவு எண்ணும் போன் எண்ணும் இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு ராமநாதபுரத்து டியூட்டி டாக்டர் அந்த எண்ணைக் கூப்பிட்டால், படத்தைப் படித்தவரே போனை எடுக்க வேண்டும்.